மறுமொழி: அஞ்சியோஜெனெசிஸ் – ‘குருதிக்கலன் கிளைப்பு’ எனலாமா?

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

பாலைநிலத்தில் படரும் கசப்புக் கொடியான பேய்க்குமட்டியின் சாறு குருதிக்கலன்களின் வளர்ச்சியைத் தடுக்கிறதா என்று சோதிக்கும் ஆய்வைத் தமிழில் எழுதும்போது, அஞ்சியோஜெனெசிஸ் (angiogenesis), அதாவது இருக்கின்ற குருதிக்கலன்களிலிருந்து புதியவை வளர்தல் என்பதற்கு, நண்பர்கள் ‘இரத்தநாள உருவாக்கம்’ என்ற தொடரை முன்மொழிந்துள்ளார்கள். யாழ்ப்பாணத்து மாணவருக்கு இது இடறும். எங்கள் பாடநூல்களில் நாடி வேறு, நாளம் வேறு. நாடி இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்வது; நாளம் என்பது இதயத்துக்குக் குருதியைத் திரும்பக் கொண்டுவருவது மட்டுமே. இவ்விரண்டையும் மயிர்க்குழாய்களையும் சேர்த்துச் சுட்டும் ‘குருதிக்கலன்’ வகுப்பறையில் ஏற்கெனவே புழங்குகிறது.

‘உருவாக்கம்’ என்பதும் பொருந்தாது. முளையத்தில் (கருவில்) முன்னோடிக் கலங்களிலிருந்து (உயிரணுக்களிலிருந்து) குருதிக்கலன்கள் புதிதாகத் தோன்றுவது ஒரு நிகழ்வு; இருக்கின்ற கலனிலிருந்து வேறு கலன்கள் பிரிந்து வளர்வது இன்னொன்று. புற்றுக்கட்டி பெருப்பதற்கு இவ்வளர்ச்சி தேவை என்று 1971இல் அமெரிக்க அறுவை மருத்துவர் யூதா ஃபோக்மன் முன்வைத்த கருத்து இரண்டாவதைப் பற்றியது. ‘முளைப்பு’ எனலாம் என்றால், ஒரு கலன் உள்ளே தடுப்பு எழுந்து இரண்டாகப் பிரியும் வகை விடுபட்டுப்போகும். தவிர, கோழி முளையத்தில் செய்யும் சோதனையை விளக்கும்போது முளையமும் முளைப்பும் ஒரே வாக்கியத்தில் மோதும்.

சோதனையைப் பாருங்கள். கருக்கட்டிய முட்டையை 37 பாகை செல்சியசு அளவில் அடைவைத்து, ஓட்டில் சிறு சாளரம் வெட்டி, சாற்றில் தோய்த்த வடிதாள் வட்டத்தை அடியிலுள்ள சவ்வின்மேல் வைக்கிறார்கள். பின்னர் உருப்பெருக்கியின் கீழ், அவ்வட்டத்தைச் சுற்றிச் செந்நிற இழைகள் கவர்விடும் இடங்களை எண்ணுகிறார்கள். எண்ணப்படுவது கிளைகளே, ஆதலால் ‘குருதிக்கலன் கிளைப்பு’ என்பதே என் தெரிவு. ‘கலன்கிளைப்பு’ என்று சுருக்குவதை நான் விரும்பவில்லை, ஏனெனில் உயிரணுவைக் ‘கலம்’ என்று படிக்கும் எங்கள் பிள்ளைகள் அதைக் கலப்பிரிவோடு குழப்பிக்கொள்வார்கள்.

தடுப்பதைக் ‘கிளைப்புத் தடுப்பி’ என்றும் ஊக்குவதைக் ‘கிளைப்புத் தூண்டி’ என்றும் சொல்லலாம். ஆனால் கிளைகள் குறைந்த உடனேயே சாற்றைத் தடுப்பி என்று எழுதிவிடக் கூடாது. பேய்க்குமட்டி கடும் பேதி மருந்து. அதன் கசப்புக்குக் காரணமான குக்குர்பிற்றாசின்கள் கலங்களைக் கொல்லவும் வல்லவை. முளையமே நஞ்சேறி வாடினாலும் கிளைகள் குறையும். எனவே ‘குருதிக்கலன் அழிவு’ என்ற தனிச் சொல்லும் நம் சொற்பட்டியலில் இருக்கவேண்டும். யாழ்ப்பாணத்துக் கைதடியில் சித்த மருத்துவம் கற்பிக்கும் அன்பர்கள் இதற்கு வழக்கிலுள்ள சொல் ஏதும் வைத்திருந்தால், பட்டியலை முடிவாக்கும் முன் தெரிவிக்க வேண்டுகிறேன்.