வானம் பார்க்க வரும் புதியவர்கள் மறுபடி வருவதில்லை. என்ன செய்யலாம்?

நாங்கள் பன்னிரண்டு பேர். அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமைகளில் மொட்டைமாடியில் கூடி வானம் பார்க்கிறோம். 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி ஒன்று, 10x50 பைனாகுலர் இரண்டு இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் புதிதாக மூன்று நான்கு பேர் வருகிறார்கள். ஓராண்டாக அவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை.

சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு பெண் படி தெரியாமல் மொபைல் டார்ச்சைப் போட்டார். உடனே நாலு பக்கமிருந்தும் "லைட்டை அணைங்க!" என்று சத்தம். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடமாகும், ஒரு வெளிச்சத்தில் அத்தனையும் போய்விடும். இது எங்களுக்குத் தெரியும், முதல்முறை வருபவருக்கு எப்படித் தெரியும்? கடைசிவரை சுவரோரமே நின்றுவிட்டுப் போய்விட்டார். எனக்கு இன்னும் மனசு கேட்கவில்லை.

அப்புறம் வாசலிலேயே சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் கொடுத்தோம், சத்தம் நின்றது. மங்கலான கேலக்ஸிகளை விட்டுவிட்டு, சனி தெரியும் மாதங்களில் அதன் வளையத்தை முதலில் காட்டினோம். "அட!" என்று வாய்பிளந்தவர்களும் அடுத்த மாதம் வரவில்லை. புதியவர் ஒவ்வொருவருக்கும் பழைய ஆள் ஒருவரைத் துணை வைத்தோம். பத்து நிமிடத்தில் பழையவர்கள் தங்களுக்குள் ஐபீஸ், குவியத்தூரம் என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். உண்மையான சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் குழுவில் புதியவர்களை இரண்டாம் முறை வரவைத்தது எது?