புதுப்பிப்பு: உடற்பயிற்சி அளவு மீறிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசைப்பயிற்சி. உலக சுகாதார நிறுவனத்தின் இந்த அளவைத்தான் பெங்களூரில் ஓடும் நம்மவர்களுக்காக முன்பு எழுதியிருந்தேன். பலரும் திருப்பிக் கேட்டது, "அளவு மீறிட்டோம்னு எப்படிங்க தெரியும்?"

காலையில் கண் விழித்ததும், காபிக்கு முன்னால், படுத்தபடியே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முழு நிமிடம் நாடியை எண்ணுங்க. ஒரு வாரம் குறித்தால் உங்கள் வழக்கமான எண் பிடிபடும். அதைவிட 5 முதல் 10 வரை ஏறி, இரண்டு மூன்று நாள் இறங்கவே இல்லையென்றால் ஓட்டத்தை நிறுத்தி மெதுவாக நடங்க. காய்ச்சல், தூக்கக்கேடு, முந்தின இரவு மது எல்லாமே துடிப்பை ஏற்றும். ஒருநாள் எண்ணை வைத்து முடிவு கட்டாதீங்க. சிலருக்குத் துடிப்பு ஏறாது. வழக்கமான வேகமே மூச்சு வாங்கவைக்கும், சிடுசிடுப்பு வரும், தூக்கம் கலையும். அதுவும் கணக்கில் சேர்த்தி.

10 கிலோமீட்டர் போட்டிக்குத் தயாராகிறவர்கள் தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் ஏற்றுவதுதான் எனக்குப் பெரிய கவலை. மூச்சு சில வாரத்தில் பழகிவிடும். எலும்புக்கு மாதக்கணக்கில் ஆகும். கப்பன் பார்க்கில் ஞாயிறு நீளமாக ஓடினால் திங்கள் ஓய்வு. மூன்று வாரம் தூரத்தை ஏற்றி, நாலாவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறைங்க.

முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரே புள்ளியில் அழுத்தும்போது வலித்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்க. கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போங்க, மறுநாள் வரை காத்திருக்கவே கூடாது.