சிவப்புப் பட்டனை அழுத்திய வயது

சின்ன வயதில் எனக்கு ஒரு பாட்டு பிடித்துவிட்டால் வாரக்கணக்கில் வேறு எதுவும் காதில் ஏறாது. அதிலும் முழுப் பாட்டு இல்லை. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வயலின்கள் கூட்டமாக ஏறும் இடம், அதற்குக் கீழே பேஸ் கிட்டார் ஒரே ஒரு தடவை துள்ளிவிட்டு அடங்கும் இடம். இந்த மாதிரி நாலைந்து நொடிகளுக்காகவே கேசட்டை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருப்பேன். ரீவைண்ட் பட்டனை எவ்வளவு நேரம் அழுத்தினால் சரியாக அந்த இடத்தில் வந்து நிற்கும் என்பது விரலுக்கே தெரிந்திருந்தது. பாடுபவரின் குரல் எனக்கு இரண்டாம்பட்சம். பின்னால் யார் என்ன செய்கிறார்கள் என்பதுதான் வேண்டும்.

அப்புறம் மாமா தன்னுடைய பழைய மோனோ டேப் ரெக்கார்டரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரே ஸ்பீக்கர், கருவியின் உடம்பிலேயே பொருத்திய மைக், பிளே பட்டனோடு சேர்த்து அழுத்த வேண்டிய சிவப்புப் பட்டன். அதுவரை கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்தவன் அன்று முதல் பதிவு செய்பவன் ஆனேன்.

முதலில் பதிந்தது என் குரலைத்தான். திருப்பிப் போட்டபோது அது நான் இல்லை என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டும் காதுக்கு வருவதில்லை. மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. எலும்பு கீழ்ஒலிகளை நன்றாகக் கடத்துவதால் நமக்கு நம் குரல் கனமாகக் கேட்கிறது. மைக்குக்கு அந்த வழி கிடையாது. மற்றவர்கள் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்த என் குரலை அன்றுதான் நானும் கேட்டேன். பிடித்துப்போக ரொம்ப நாளானது.

ஆனால் என்னை உண்மையில் கட்டிப்போட்டது வேறு விஷயம். நான் பாடி நிறுத்திய இடங்களில் அறையின் சத்தம் மெல்ல மேலே ஏறி வந்தது. மின்விசிறி, சுவர்க்கடிகாரம், பக்கத்து அறையில் யாரோ பெட்டியை நகர்த்துவது. மறுபடி பாட ஆரம்பித்ததும் அத்தனையும் சட்டென்று அமுங்கிப் போனது. அந்த வகை ரெக்கார்டர்களில் ஒலி அளவைத் தானாகவே சரிசெய்யும் ஒரு மின்சுற்று உண்டு. சத்தம் குறைந்தால் மைக்கின் கூர்மையைக் கூட்டும், சத்தம் வந்தால் குறைக்கும். அப்போது எனக்கு அந்த விவரம் தெரியாது. காரணம் தெரியாமலேயே அதை வைத்து வாசிக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு தட்டைத் தட்டிவிட்டு அசையாமல் இருந்தால், தட்டின் அதிர்வு தேயத் தேய ரெக்கார்டர் அதைத் தூக்கிக்கொண்டே போகும். நேரில் கேட்டால் சீக்கிரமே அடங்கிவிடும் ஒலி, கேசட்டில் நெடுநேரம் நின்றது. எனக்குப் பிடித்த பாட்டுகளில் சிம்பல் என்ற தாளத்தட்டு ஏன் அவ்வளவு நீளமாக ஒலிக்கிறது என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது. இசைக்கருவி என்பது வாசிப்பவர் கையோடு முடிந்துவிடுவதில்லை, பதியும் கருவியும் கூடவே வாசிக்கிறது என்று நான் நம்புவது அந்தத் தட்டிலிருந்துதான்.

அடுத்தது, ஒரு பதிவுக்கு மேல் இன்னொன்று. ரெக்கார்டரின் மூடியைத் திறந்தால் நாடா தொட்டுப்போகும் இரண்டு ஹெட், அதாவது காந்தமுனைகள், தெரியும். ஒன்று பழையதை அழிக்க, மற்றொன்று பதியவும் படிக்கவும். நாடா முதலில் அழிப்பு ஹெட்டைத் தாண்டித்தான் அடுத்ததற்கு வரும். அழிப்பு ஹெட்டின் மேல் சிறு தாளை மடித்து ஒட்டி நாடாவைத் தள்ளி வைத்துவிட்டால் பழைய பதிவு அழியாமல் தங்கும், அதன் மேலேயே புதியதும் ஏறும். முதல் அடுக்கில் மேஜையில் தாளம் தட்டினேன், இரண்டாவதில் மவுத் ஆர்கன். இரண்டையும் சேர்த்துக் கேட்டபோது அறையில் நான் இரண்டு பேராக இருந்தேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது எவ்வளவு நல்ல கருவி வாங்கினாலும் பெற முடிவதில்லை. தாளம் மட்டும் கொஞ்சம் மங்கியிருந்தது. பதியும்போது ஹெட்டில் ஓடும் பயஸ் என்ற உயர் அதிர்வெண் மின்னோட்டமே பழைய ஒலியைத் தேய்த்துவிடும், அதிலும் மேல்ஒலிகள், அதாவது கீச்சென்ற கூரிய ஒலிகள்தான் முதலில் போகும். அதனால் கூர்மையாகக் கேட்க வேண்டியதைக் கடைசியில் பதிய வேண்டும் என்று ஒரு முறை வகுத்துக்கொண்டேன். எல்லா ரெக்கார்டரிலும் இது நடக்காது. அழிப்புக்கு நிலைக்காந்தம் வைத்த மலிவான கருவிகளில் தாள் தடிமன் போதாமல் அழித்துவிடும்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் இன்னொரு ரெக்கார்டர் இருந்தது. ஒன்றை ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசித்து மற்றொன்றில் பதிவது, பிறகு அதை ஓடவிட்டு முதலாவதில் பதிவது என்று இருவரும் விடுமுறை முழுக்க இதையே செய்தோம். இரண்டு மோட்டார்களும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் மாறினாலே சுருதி அரை ஸ்வரம் நகர்ந்துவிடும். மவுத் ஆர்கனை அதற்கேற்பத் திருகிக்கொள்ள வழியில்லை. அண்ணன்தான் மோட்டாரின் பின்பக்கம் சின்னத் துளை இருப்பதைக் கண்டுபிடித்தார். உள்ளே ஒரு திருகு. மெல்லிய ஸ்குரூ டிரைவரால் அதைக் கொஞ்சம் திருப்பினால் வேகம் ஏறும், இறங்கும். கிட்டாருக்குச் சுருதி சேர்ப்பதுபோல் நாங்கள் ரெக்கார்டருக்குச் சுருதி சேர்த்தோம்.

அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940-களில் தன் வீட்டுக் கேரேஜில் ஓர் இசைத்தட்டிலிருந்து இன்னோர் இசைத்தட்டுக்கு இப்படியேதான் தன் கிட்டாரை அடுக்கினார் என்று பிற்பாடு படித்தேன். பிறகு பாடகர் பிங் கிராஸ்பி கொடுத்த ஆம்பெக்ஸ் டேப் கருவியில் கூடுதலாக ஒரு ஹெட்டைப் பொருத்தி அதையே நாடாவிலும் செய்தார். கேசட்டிலேயே 4 தடங்களைத் தனித்தனியாகப் பதியும் கருவியை டியாக் நிறுவனம் 1979-இல் கொண்டுவந்தது, பெயர் போர்ட்டாஸ்டூடியோ. வழக்கமான கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 2, மறுபக்கத்துக்கு 2 என்று ஓடும் 4 தடங்களையும் அது ஒரே திசையில் பயன்படுத்தியது. படித்தபோது, நாங்கள் அறையில் செய்துகொண்டிருந்தது விளையாட்டு இல்லை, அதற்கென்று ஒரு வரலாறே இருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

* * *

மேலே எழுதியவருக்கு கேசட். எனக்கு ஸ்பூல். அப்பா வைத்திருந்த பெரிய டேப் கருவியில் 7 அங்குலச் சக்கரங்கள் இரண்டு சுற்றும். அதைத் தொடக்கூடாது என்று சொல்லாத அப்பா கிடைத்தது என் பாக்கியம். "நாடாவை எப்படிக் கோக்கணும்னு பாத்துக்கோம்மா, அப்புறம் உன் பாடு" என்றார்.

கேசட்டில் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓடும், அகலம் 4 மி.மீட்டருக்கும் குறைவு. பெட்டிக்குள் மூடியிருக்கும். ஸ்பூல் கருவியில் நாடா கையில் இருக்கும், எங்கள் கருவியின் கூடிய வேகம் நொடிக்கு 19 செ.மீ. அதாவது ஒரு நொடியை நான் அளவுகோலால் அளக்கலாம். அரை நொடி என்றால் ஒன்பதரை செ.மீ. பாட்டைக் காதால் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அது நீளமாக, தொட்டுப் பார்க்கக்கூடியதாக மாறியது. தாளத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் எவ்வளவு நீளம் என்று நாடாவில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். இதை விவரிக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

வேகத்தைப் பாதியாக்கும் பொத்தான் இருந்தது. குறைந்த வேகத்தில் பதிந்து கூடிய வேகத்தில் போட்டால் எல்லாம் ஒரு ஸ்தாயி மேலே போகும், நேரமும் பாதியாகும். தங்கையை மெதுவாகப் பாடவைத்துப் பதிந்தால் கேட்கும்போது சிட்டுக்குருவிக் குரல் வரும், அது எல்லோரும் செய்ததுதான். எனக்குப் பிடித்தது எதிர்த்திசை. ஒரு சின்ன கைமணியை வேகமாகப் பதிந்து மெதுவாகப் போட்டேன். கைமணி பெரிய ஆலயமணியாகிவிட்டது. அதன் உள்ளே ஒன்றோடொன்று உரசி அலையடிக்கும் பல ஸ்வரங்கள் தனித்தனியாகக் கேட்டன. ஒரு மணிக்குள் இத்தனை இருக்கிறதா என்று அன்று தூங்கவில்லை.

பிறகு பிளேடு. நாடாவைச் சாய்வாக வெட்டி, மேலே ஒட்டுநாடா போட்டுச் சேர்ப்பார்கள். சாய்வாக வெட்டினால்தான் ஒட்டு கடக்கும் இடத்தில் டப்பென்ற சத்தம் வராது. மணியைத் தட்டும் அந்த முதல் கணத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மீதியைப் போட்டேன். மணி காணாமல் போய்விட்டது. புல்லாங்குழலா, ஏதோ ஊதுகருவியா என்று சொல்ல முடியாத ஒலி வந்தது. ஒரு கருவியை நாம் அடையாளம் காண்பதே பெரும்பாலும் அதன் தொடக்கத்தை வைத்துத்தான் என்பதை எந்த வகுப்பும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லித் தந்திருக்காது. பாரிஸ் வானொலியில் வேலை செய்த ஒலிப்பொறியாளர் பியர் ஷேஃபர் 1948-இல் மணியைத் தட்டும் முதல் கணத்தை நீக்கி இதையே கேட்டிருக்கிறார், அதுவும் நாடா இல்லாமல் இசைத்தட்டை வைத்து. பிபிசியின் ரேடியோபோனிக் ஒர்க்ஷாப் என்ற மின்னணு ஒலிக் கூடத்தில் வேலை செய்த டீலியா டெர்பிஷயர் ஓர் உலோக விளக்குக் கவசத்தைத் தட்டிப் பதிந்து, தட்டும் சத்தத்தை விட்டுவிட்டு அதிர்வை மட்டும் எடுத்து இசையாக்கினார். ஒரு பெண் இந்த வேலையைச் செய்து பெயர் வாங்கியிருக்கிறார் என்று தெரிந்த நாளில் அவர் படத்தை மேஜைக்கு மேல் ஒட்டினேன்.

வெட்டிய துண்டின் இரண்டு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினால் அது முடிவில்லாமல் சுற்றும். மூன்று நொடி வளையத்துக்கு 57 செ.மீ. வேண்டும், அதைக் கருவிக்கு வெளியே இழுத்துப் பிடிக்க ஒரு கண்ணாடிப் பாட்டிலைத் தள்ளி வைப்பேன். பாட்டிலை நகர்த்தினால் நாடா தளர்ந்து குரல் தள்ளாடும். வீட்டில் யாரும் அந்தப் பக்கம் நடக்கக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன், அப்பா கூட மதித்தார்.

ஸ்பூல் கருவியே நல்லது, கேசட் மட்டம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கேசட்டையும் பிரித்து விளையாடலாம். திருகு போட்ட கேசட்டைத் திறந்து நாடாவை நீளவாக்கில் அரைச் சுற்று முறுக்கிக் கோத்தால் மறுபக்கத்தில் பதிந்தது பின்னோக்கிக் கேட்கும். காந்தப்பூச்சு ஹெட்டைவிட்டுத் திரும்பி நிற்பதால் மங்கலாகத்தான் வரும். ஆனால் ஒரு பியானோ ஸ்வரம் வளர்ந்து வளர்ந்து வந்து பட்டென்று அறுந்துபோவதை அப்படித்தான் என் தோழி முதன்முதலில் கேட்டாள்.

* * *

நான் உங்கள் இருவருக்கும் பிந்திய தலைமுறை. கையில் கணினி, அதன் பின்பக்கத் துளையில் சொருகும் ஒரு சின்ன மைக், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். அது 2000-இல் வெளிவந்தது, எனக்குக் கிடைத்தது சில வருடங்கள் கழித்து. எத்தனை தடம் வேண்டுமானாலும் அடுக்கலாம், எதுவும் தேயாது. சிடி தரத்தில் ஒரு நிமிட ஸ்டீரியோ பதிவு ஏறக்குறைய 10 எம்பி பிடிக்கும், வட்டில் இடம் இருக்கும்வரை பாடிக்கொண்டே போகலாம்.

எங்கள் தலைமுறைக்கு வந்த சிக்கல் தாமதம். முதல் தடத்தைக் கேட்டுக்கொண்டே இரண்டாவதைப் பாடுவேன், இரண்டையும் சேர்த்துப் போட்டால் நான் எப்போதும் பின்தங்கியிருப்பேன். ஒலி கணினிக்குள் நுழைந்து, எண்களாக மாறி, வட்டில் ஏறுவதற்குள் ஒரு சிறு நேரம் போய்விடுகிறது. அதைப் பிடிக்க ஒரு வழி செய்தேன். ஹெட்ஃபோனை மைக்குக்கு எதிரில் வைத்து, பதிந்த ஒரு கைதட்டலை ஓடவிட்டு அதையே மறுபடி பதிவேன். திரையில் இரண்டு கைதட்டல்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் தாமதம். புதுத் தடத்தை அவ்வளவு முன்னால் இழுத்துவிட்டால் பொருந்திவிடும். ஒலியின் உருவத்தைக் கண்ணால் பார்த்து வளர்ந்ததால் எனக்கு "ச" என்பது அடர்ந்த புதர், "ம" என்பது உருண்டையான அலை. எழுத்துகளை இன்றும் அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.

ஒரு ஸ்டீரியோ பாட்டை இடது, வலது என்று இரண்டு தடங்களாகப் பிரித்து, ஒன்றின் அலையை மேல்கீழாகப் புரட்டி மற்றதோடு கூட்டினால், இரண்டிலும் ஒரே மாதிரி இருந்து நடுவில் கேட்பதெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். பெரும்பாலும் பாடகர் குரல் நடுவில்தான் இருக்கும். அது போனதும் பின்னணி வாத்தியங்கள் வெளியே வந்து நின்றன. முதலில் எழுதியவர் காதைத் தீட்டித் தேடிய வயலின்களை நான் இப்படிப் போய்ச் சேர்ந்தேன். பேஸ் கிட்டாரும் சேர்ந்து மறைந்துவிடும், அதுவும் நடுவில்தான் வைக்கப்பட்டிருக்கும். குரலின் எதிரொலி மட்டும் ஆள் இல்லாமல் மிச்சமிருக்கும்.

இப்போது வீட்டிலிருக்கும் பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். அம்மா சின்ன வயதில் பதிந்தவை, பாதி பாட்டு, பாதி சண்டை. இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஹெட்டை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைப்பதோடு நிறுத்தாதீர்கள். ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் சிறு திருகு அதன் பக்கத்திலேயே இருக்கும். பதிந்த ரெக்கார்டரின் சாய்வும் நம் கருவியின் சாய்வும் ஒன்றாக இருக்காது. கேசட்டை ஓடவிட்டு மேல்ஒலிகள் எந்த இடத்தில் மிகத் தெளிவாகக் கேட்கின்றனவோ அந்த இடம்வரை திருகை மெதுவாகத் திருப்புங்கள். கம்பளி போர்த்தியதுபோல் இருந்த அம்மாவின் குரல் அந்தக் கால் திருப்பில் வெளியே வந்தது. இரைச்சல் நீக்கும் கருவியைக் கணினியில் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்தாக வேண்டும், பதியாமல் விட்ட மேல்ஒலியை எந்த மென்பொருளும் திருப்பித் தராது.

ஒரு கேசட்டில் அம்மாவும் சித்தியும் ஒரே நேரத்தில் இரண்டு வேறு பாட்டுகள் பாடுகிறார்கள், ஒன்று மங்கலாக, மற்றது தெளிவாக. ஏதோ பழுது என்று நினைத்திருந்தேன். அழிப்பு ஹெட்டில் தாள் ஒட்டும் கதையைப் படித்த பிறகு அம்மாவிடம் கேட்டேன். தாள் இல்லை, மருந்துக் கட்டுப் போடும் பிளாஸ்திரியாம். உங்களில் யாராவது இரண்டடுக்குக்கு மேல் போயிருக்கிறீர்களா? கீழடுக்கு எந்த அளவுக்குத் தேறியது என்று எழுதுங்கள், அம்மாவும் கேட்கிறார்.