கால்டுவெல் என்ற பெயருக்கு என்னதான் அர்த்தம்?

வள்ளியூர்க்காரன்:
அண்ணாச்சிமாரே, ஒரு சந்தேகம். எங்கள் அப்பா பெயர் கால்டுவெல். ஊர் இடையன்குடிக்குப் பக்கம், ஞானஸ்நானத்தில் வைத்த பெயர், அந்தப் பக்கத்தில் யாரும் அதை அதிசயமாகப் பார்ப்பதில்லை. எனக்கு இனிஷியல் தமிழில் கா., ஆங்கிலத்தில் சி. பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது இனிஷியல் ஆகாது, விரித்து எழுதுங்கள் என்றார்கள், எழுதிக் கொடுத்தேன். இப்போது சர்நேம் கட்டத்தில் கால்டுவெல் ஏறிவிட்டது, அப்படியே பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. போன வாரம் அமெரிக்க கிளையன்ட் ஒருவர் வீடியோ காலில், "என் அம்மா பிறந்த வீடும் கால்டுவெல்தான், நீங்கள் எந்த கால்டுவெல்?" என்று கேட்க, நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

எங்கள் பெரியப்பா சொல்வது, 'கால்டு' என்றால் அழைக்கப்பட்டவர், 'வெல்' என்றால் நன்றாக, ஆக ஆண்டவரால் நன்றாக அழைக்கப்பட்டவர் என்று. பிரசங்கத்திலேயே கேட்டாராம். எனக்கு என்னவோ நம்பிக்கை வரவில்லை. நிஜமாக என்ன அர்த்தம், எந்த ஊர்ப் பெயர், வெளியே எவ்வளவு பேருக்கு இருக்கிறது? நெட்டில் ஒரு கடை 'கால்டுவெல் குடும்பச் சின்னம்' என்று கேடயமும் சிங்கமும் போட்டு ஃபிரேம் விற்கிறது, அதையும் வாங்கலாமா என்று மனைவி கேட்கிறாள்.

பேட்டை ரயிலடி:
பெரியப்பா கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் சொல்கிறேன், அழைப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'கால்ட்' என்றால் குளிர்ந்த, 'வெல்லா' என்றால் ஊற்று அல்லது ஓடை. குளிர்ந்த ஊற்று இருந்த இடத்துக்கு அந்தப் பெயர் விழுந்தது, அங்கிருந்து வேறு ஊர் போனவனை அந்த ஊர்க்காரன் என்று கூப்பிட்டார்கள், அதுவே தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டது. நம் பக்கத்தில் ஒருவரைத் திசையன்விளைக்காரர் என்று சொல்லிச் சொல்லியே அவர் சொந்தப் பெயர் மறந்துபோவது மாதிரிதான். இங்கிலாந்தில் 1066-ல் நார்மன்கள் வந்த பிறகுதான் பரம்பரைக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே மெல்ல மெல்லப் பரவியது, அதுவும் முதலில் நிலம் வைத்திருந்தவர்களுக்கு, அப்புறம்தான் சாதாரண ஜனங்களுக்கு.

அந்தப் பெயரில் ஊர் ஒன்றல்ல, பல. யார்க்ஷயரில் உண்டு, டெர்பிஷயரில் உண்டு, ஸ்காட்லாந்தில் ரென்ஃப்ரூஷயர் பக்கமும் உண்டு. அதனால் எல்லா கால்டுவெல்களும் ஒரே கொடியில் வந்தவர்கள் என்று சொல்லவே முடியாது. வடக்கே 'க' என்று உச்சரித்த அதே சொல் தெற்கே 'ச' ஆகி சாட்வெல் ஆனது, லண்டன் பக்கம் அந்தப் பெயரில் இடங்கள் இருக்கின்றன. அங்கேயும் உங்கள் பெரியப்பா மாதிரி ஆட்கள் இருந்திருக்கிறார்கள், அது புனித சாட் என்பவரின் கிணறு என்று கதை கட்டிவிட்டார்கள். கோல்டுவெல், கால்டெல், காடில் எல்லாம் இதன் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள்.

இன்னொன்று. இடையன்குடியில் மிஷனரியாக இருந்த நம் கால்டுவெல் ஐயரை (பாதிரியாரை நம் பக்கம் ஐயர் என்பார்கள்) இங்கிலாந்துக்காரர் என்றே பலர் எழுதுகிறார்கள். அவர் 1814-ல் அயர்லாந்தில் பிறந்தவர், பெற்றோர் ஸ்காட்லாந்து வழி, வளர்ந்து படித்தது கிளாஸ்கோவில். பெயர் மட்டும்தான் ஆங்கிலம்.

டக்கரம்மா காலேஜ்:
தம்பி, அர்த்தத்தை மேலே அழகாகச் சொல்லிவிட்டார், நான் பெயர் வைத்த கதையைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுத்தே வயதான ஆள் நான். கால்டுவெல், சார்ஜென்ட், போப், ரேனியஸ், மர்காஷிஸ் எல்லாருக்கும் "உள்ளேன் டீச்சர்" கேட்டிருக்கிறேன், அதில் ஒரு போப் கணக்கில் எப்போதும் பூஜ்யம். எல்லாம் மிஷனரி ஐயர்மார் பெயர்கள், அவர்களுக்கு அது குடும்பப் பெயர். கால்டுவெல் ஐயருக்கு வைத்த பெயர் ராபர்ட், ஆனால் ராபர்ட் ஐயர் என்று நம் ஜனங்கள் சொல்லவில்லை, கால்டுவெல் ஐயர் என்றார்கள், அதனால் பிள்ளைக்கும் அதையே வைத்தார்கள். அவர்களுடைய கடைசிப் பெயர் நமக்கு முதல் பெயர் ஆயிற்று. இப்போது பாஸ்போர்ட்காரன் அதைத் திரும்பக் கடைசிக்கே தள்ளிவிட்டான், கணக்கு சரியாகிவிட்டது!

1841-ல் இடையன்குடிக்கு வந்தவர், அரை நூற்றாண்டு அந்தத் தேரிக்காட்டுப் பக்கத்தையே வீடாக்கிக்கொண்டார். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், 1877-ல் பிஷப் பட்டம், 1881-ல் திருநெல்வேலி சரித்திரம். 1891-ல் கொடைக்கானலில் இறந்தார், அங்கிருந்து கொண்டுவந்து இடையன்குடி கோயிலில்தான் அடக்கம் செய்தார்கள். அவர் மனைவி எலைசா நாகர்கோவில் மால்ட் ஐயர் மகள், நம் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். இதையெல்லாம் பார்த்த ஜனம் பிள்ளைக்கு அந்தப் பெயர் வைத்ததில் என்ன ஆச்சரியம்? ஆஷ் துரையும் வெள்ளைக்காரன்தான், அதுவும் ஆங்கிலக் குடும்பப் பெயர்தான், ஆஷ் மரத்தடியில் குடியிருந்தவன் என்று அர்த்தம். யாராவது வைத்தார்களா?

நான் படித்த சாரா டக்கர் கல்லூரியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா இந்தியாவுக்கு வந்ததே இல்லை, சென்னையில் மிஷனரியாக இருந்தவரின் சகோதரி. டக்கர் என்றால் நெய்த துணியைத் தண்ணீரில் போட்டு அடித்து மிதித்துக் கெட்டிப்படுத்துகிறவர், இங்கிலாந்தின் தென்மேற்கில் அப்படிச் சொல்வார்கள். அதே தொழில்காரருக்கு வடக்கே வாக்கர் என்று பெயர், துணியை மிதித்து நடப்பதால். நம் வாக்கர் ஐயர் பெயரும் அதுதான், நடைபயணக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். சாயர்புரம் சாயரும் அப்படித்தான், மரம் அறுக்கிறவர்.

நெல்லை டூ டாலஸ்:
எண்ணிக்கை கேட்டீர்களே, அமெரிக்காவில் அதிகம் உள்ள முதல் ஆயிரம் குடும்பப் பெயர்களுக்குள் கால்டுவெல் வரும். இன்றைக்கு அந்தப் பெயர்க்காரர்கள் பிரிட்டனைவிட இங்கேதான் அதிகம். காரணம், ஸ்காட்லாந்திலிருந்து வட அயர்லாந்துக்குக் குடியேறின குடும்பங்கள் 18-ஆம் நூற்றாண்டில் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறி பென்சில்வேனியா, வர்ஜீனியா, கரோலினா என்று இறங்கினார்கள். டெக்சாஸ், வட கரோலினா, கென்டக்கி, மிசௌரி எல்லாவற்றிலும் கால்டுவெல் கவுண்டி இருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாண்ட் பிறந்த ஊரே நியூஜெர்சியில் உள்ள கால்டுவெல்தான். உங்கள் கிளையன்ட் அனேகமாக இந்தக் கூட்டம்.

சர்நேம் கட்டம் நிரம்பியிருப்பது நல்லதுதான், கலைக்காதீர்கள். ஒற்றைப் பெயரோடு வந்த என் ரூம்மேட்டுக்கு விசாவில் முதல் பெயர் தெரியாது என்று மூன்று எழுத்து அடித்துவிட்டார்கள், பேங்க் கார்டிலும் அதுவே அவன் பெயராக வந்துவிட்டது, பாவம். 2022-லிருந்து எமிரேட்ஸ் போகிறவர்களுக்கும் ஒற்றைப் பெயர் தலைவலி.

கேடயம் சிங்கம் வாங்கிவிடாதீர்கள். இங்கிலாந்தில் சின்னம் கொடுப்பது ஒரு ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும், பெயர் ஒன்று என்பதற்காக எல்லாருக்கும் கிடையாது. அந்தக் காசுக்கு இருட்டுக்கடை அல்வா வாங்கி எனக்கு அனுப்புங்கள்.

வள்ளியூர்க்காரன்:
எல்லாருக்கும் நன்றி. பெரியப்பாவிடம் சொன்னேன், பிரசங்கத்தில் சொன்னது பொய்யாகுமா என்று ஃபோனை வைத்துவிட்டார். இன்னொரு வில்லங்கம்: அப்பாவின் எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் கடைசியில் ஒரு எல், ஆதாரில் இரண்டு எல், வீட்டுப் பத்திரத்தில் கே போட்டு ஆரம்பித்திருக்கிறார்கள். எது சரி?

பேட்டை ரயிலடி:
சி-யில் ஆரம்பித்து இரண்டு எல், பிஷப் எழுதினது அப்படித்தான். ஆனால் உங்களுக்கு வேண்டியது சரியானது இல்லை, எல்லாவற்றிலும் ஒன்றாக இருப்பது. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதற்கு மற்றதை மாற்றுங்கள், பத்திரத்துக்கு மட்டும் வக்கீலைக் கேட்டுவிட்டுக் கைவையுங்கள்.

அப்புறம் பிள்ளைகளிடம் சொல்ல ஒரு விஷயம். வானத்திலும் கால்டுவெல் இருக்கிறார். பேட்ரிக் மூர் என்ற பிரிட்டிஷ் வானியல்காரர் 1995-ல் 109 நட்சத்திரக் கூட்டங்கள், நெபுலாக்கள், கேலக்ஸிகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். மூரின் எம் எழுத்தை, முன்பே இப்படி ஒரு பட்டியல் போட்ட மெஸ்யே என்ற பிரெஞ்சு வானியல்காரர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டதால், தன் முழுக் குடும்பப் பெயரான கால்டுவெல்-மூரில் இருந்து சி எடுத்து சி1, சி2 என்று எண் கொடுத்தார். உங்கள் இனிஷியல்தான்.

கொக்கிரகுளம் ராஜா:
அப்படியே ரேனியஸுக்கும் அர்த்தம் சொல்லுங்க, என் மச்சான் பெயர்.

டக்கரம்மா காலேஜ்:
அவர் பிரஷ்யாக்காரர் தம்பி, ஆங்கிலப் பெயர் இல்லை. தனியாக ஒரு கேள்வி போடுங்கள்.