தங்கப் பெயிண்டுக்கு அடியில் தங்கம்

பழைய கோயில் தேர், சுவாமி வாகனங்களைப் புதுப்பித்த அனுபவங்களைப் பலர் எழுதியிருந்தீர்கள். நான் கோவாவில் போர்த்துக்கீசியர் காலத்துக் கிராமத் தேவாலயம் ஒன்றின் மரப்பீடத்தைச் சீரமைத்த குழுவில் இருந்தேன். 1605இல் அர்ச்சிக்கப்பட்ட பழைய கோவாவின் போம் ஜேசு பேராலயத்துக்குப் போனவர்கள் இந்த வகைப் பீடத்தைப் பார்த்திருப்பீர்கள். பலிபீடத்துக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும், தங்கம் பதித்த மரச்சிற்ப வேலை; நடுவில் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் சுரூபம். எங்களுடையது அதே பாணிதான், அளவில் சிறியது.

பங்குத் திருவிழாவுக்குள், அதாவது அந்தத் தேவாலயத்தின் ஆண்டுத் திருவிழாவுக்குள், பளபளவென்று ஆக்கித் தரச் சொன்னார்கள். முன்பு யாரோ அப்படித்தான் செய்திருந்தார்கள். பீடம் முழுக்கத் தங்கப் பெயிண்ட்! அதில் இருப்பது பித்தளைத் தூள். ஈரக்காற்றில் நாளடைவில் கறுத்து, பச்சையும் பூத்துவிடும். அடியில் இருந்ததோ அசல் தங்க ரேக்கு, அதாவது மிக மெல்லிய தங்கத் தாள்.

தஞ்சாவூர் ஓவியத்தில் மக்கு (சுண்ணமும் பசையும் கலந்த குழைவு) வைத்து ரேக்கு ஒட்டுவதைப் போலத்தான் இதுவும். மரத்தின் மேல் சுண்ணப் பூச்சு, அதன் மேல் வழவழப்பான செம்மண் பூச்சு, அப்புறம் ரேக்கு. எல்லாவற்றையும் பிடித்திருப்பது விலங்குப் பசை. அது தண்ணீரில் இளகிவிடும்; அதனால் தண்ணீர்தான் இதற்கு எமன். கைக்கெட்டும் உயரத்தில் இருந்த சம்மனசுகளின் (தேவதூதர் சிற்பங்களின்) கன்னமும் முழங்காலும் சிவந்து கிடந்தன. ஈரத்துணியால் பக்தியோடு துடைத்துத் துடைத்தே தங்கம் போய், செம்மண் தெரிந்தது.

அந்தப் பசையே எங்களுக்கு வழியும் காட்டியது. பெயிண்டைக் கரைக்கும் திரவம் விலங்குப் பசையைத் தொடாது. முதலில் பெயர்ந்து நின்ற செதில்களை மெல்லிய ஜப்பானியக் காகிதம் வைத்து, இளஞ்சூட்டுப் பசையால் படியவைத்தோம். பிறகு குச்சியில் சுற்றிய பஞ்சால் பெயிண்டை எடுத்தோம். ஒரு இலைச் சிற்பத்தின் மடிப்பில் கறுப்பு விலகித் தங்கம் தெரிந்ததும் பங்குச்சாமியார் சாரத்தில் ஏறி வந்து பார்த்தார். அதற்குப் பிறகு திருவிழாத் தேதியைப் பற்றி யாரும் பேசவில்லை.

கரையான்தான் பெரிய தலைவலி. பின்சுவர் வழியாக ஏறி, மரத்தை உள்ளே தின்றுவிட்டு மேல்தோலை மட்டும் விட்டுவைத்திருந்தது. விரலால் தட்டினால் வெற்றுச் சத்தம். அங்கெல்லாம் பிசின் செலுத்தி உறுதியாக்கினோம். தங்கம் போன இடங்களில் புது ரேக்கு ஒட்டவில்லை. நீர்வண்ணத்தில் மெல்லிய கோடுகள் மட்டும். கீழிருந்து பார்த்தால் ஒன்றாகத் தெரியும், கிட்டே போனால் எது பழையது, எது நாங்கள் செய்தது என்று புரியும். இதுதான் நேர்மையான வேலை என்று நினைக்கிறேன்.

உங்கள் பங்கில் மரப்பீடத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் பேச்சு இருந்தால், முதலில் மறைவான ஓர் அங்குலத்தில் மட்டும் அடியில் என்ன இருக்கிறது என்று சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை ஈரத்துணி வேண்டாம், மென்மையான தூரிகை போதும்.