தகரக் கூரைக்குக் கீழே படுக்கையறை: உயரம் போதுமா? (ஹட்டன், இலங்கை)

கேள்வி:
ஹட்டன் டவுனில் சொந்தக் காணி, சொந்த வீடு. சீலிங்குக்கு மேலே உள்ள இடத்தை மகளுக்கு அறையாக்க யோசனை. அகலம் 14 அடி. சீலிங் மரத்தின் மேல்விளிம்பிலிருந்து முகட்டு வளைக்கு 9 அடி 3 அங்குலம், பக்கச் சுவர்களில் 4 அடி 6 அங்குலம். மரம் 4×2 அங்குலம், 2 அடிக்கு ஒன்று, இடையில் தாங்கல் இல்லை. மேலே பலகை அடித்தால் போதாதா? வேலை செய்யும் மேசன் பாஸ் 9 அடி தாராளம் என்கிறார்.

பதில் 1:
அண்ணா, முகட்டில் அளந்தால் எல்லா வீடும் உயரம்தான். வரைபடத்துக்கு அனுமதி தருகிறவர்கள் சரிந்த கூரைக்கு முகட்டு உயரத்துக்கும் சுவர் உயரத்துக்கும் சராசரியைப் பார்ப்பார்கள். உங்களுக்கு இப்போதே 6 அடி 10½ அங்குலம்தான்.

அதுவும் மிஞ்சாது. 4×2 சீலிங் தாங்கும் மரம், 14 அடி நீளத்துக்கு கட்டிலும் ஆளும் தாங்காது. 9×2 மரம் 16 அங்குலத்துக்கு ஒன்று வேண்டும். மரத்தின் கூடுதல் உயரத்துக்கு 5 அங்குலம், பலகைக்கு 1, மேலே கூரையின் உள்பக்கம் அடிக்கும் தட்டுக்கு 3 போகும். முகடு 8 அடி 6, சுவர் 3 அடி 9, சராசரி 6 அடி 1½. தலை இடிக்காமல் நடக்க 6½ அடி உயரம் நடுவில் ஏறத்தாழ 6 அடி அகலத்துக்குத்தான் கிடைக்கும். வரைபடத்தில் சாமான் அறை என்று போடலாம், படுக்கையறை என்று போடாதீர்கள்.

கேட்டவர்:
சுவரை 3 அடி உயர்த்தினால்?

பதில் 2:
சராசரி 9 அடி 1½ அங்குலம் வரும். ஆனால் அது மாடி கட்டுவது போலத்தான். முதலில் அத்திவாரத்தை ஒரு மூலையில் தோண்டி ஆழமும் அகலமும் பார்க்கச் சொல்லுங்கள். சுவர் தலையில் கொங்கிரீட் பீம் சுற்றிவர வேண்டும். மலைச்சரிவுக் காணியென்றால் மண்சரிவு ஆபத்து பற்றி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கடிதமும் கேட்பார்கள். வரைபடம் அனுமதியான பிறகே தகரத்தைக் கழற்றுங்கள். மழைக்காலத்தில் திறந்த வீட்டோடு கந்தோருக்கு அலைய முடியாது.

பதில் 1:
எதைச் செய்தாலும் கைமரங்களை (கூரையின் சரிவு மரங்களை) இணைக்கிற குறுக்குக் கட்டையை, தலையில் இடிக்கிறதென்று வெட்டவே வேண்டாம். வெட்டினால் கைமரம் விரிந்து சுவரை வெளியே தள்ளும். தகரத்துக்கும் உள்பக்கத் தட்டுக்கும் இடையில் 2 அங்குலம் காற்றுவழி விடுங்கள், இறவாரத்திலும் முகட்டிலும் திறப்போடு. இல்லாவிட்டால் பனிக்காலத்தில் தகரம் வியர்த்து மெத்தையில் சொட்டும்.