ஜான்சனின் வறுமை ஒழிப்புப் போரில் ஜெயித்தது யார்?

கணக்குப்பிள்ளை:
1964 ஜனவரியில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் நாடாளுமன்றமான காங்கிரஸில் நின்று வறுமைக்கு எதிராக நிபந்தனையற்ற போர் அறிவித்தார். 1988-ல் அதிபர் ரீகன் அதே சபையில், அந்தப் போரில் வறுமைதான் ஜெயித்தது என்று கிண்டலடித்தார். நான் ரீகன் பக்கம். 1959-ல் அமெரிக்காவில் ஏழைகள் 22.4 சதவீதம், 1964-ல் 19. ஜான்சன் ஒரு டாலர் செலவழிக்கும் முன்பே, வேலைவாய்ப்பு பெருகியதால் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. 1973-ல் 11.1 வரை வந்தது. அதன்பின் பெரும்பாலும் 11-க்கும் 15-க்கும் நடுவே ஊசலாட்டம்தான். கொட்டிய பணமெல்லாம் எங்கே போனது?

பொடிநடை:
பிள்ளைவாள், அந்த சதவீதம் எதை எண்ணுகிறது என்று பார்த்தீர்களா? கைக்கு வரும் ரொக்கத்தை மட்டும். உணவு வாங்க அரசு தரும் ஃபுட் ஸ்டாம்ப் சேராது, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் சேராது. சோறு போட்டுவிட்டு, போட்ட சோற்றை எழுதாமல் "இவன் இன்னும் பட்டினி" என்று எழுதுகிற பேரேடு அது. 1959-ல் 65 வயது தாண்டியவர்களில் 35 சதவீதம் ஏழைகள். இன்று சுமார் 10.

கணக்குப்பிள்ளை:
முதியோர் பெருமை அரசு ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டிக்குச் சேர வேண்டியது. அது 1935-ல் ரூஸ்வெல்ட் கொண்டுவந்தது. 1972-ல் அதை ஒரேயடியாக 20 சதவீதம் உயர்த்திய சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் நிக்ஸன்.

டல்லாஸ் தமிழன்:
சதவீதச் சண்டையில் ஆஸ்பத்திரியை மறந்துவிட்டீர்கள். மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் ஜான்சன் 1965 ஜூலை 30 அன்று மிசௌரியில் ட்ரூமன் நூலகத்தில் கையெழுத்திட்டார். முதல் அட்டையும் முன்னாள் அதிபர் ட்ரூமனுக்கே. படம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதைவிட முக்கியமானது அடுத்த வருஷம் நடந்தது. தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களுக்குத் தனி வார்டு, பல ஆஸ்பத்திரிகளில் அனுமதியே கிடையாது. ஆர்கன்சாவில் தானமாக வந்த ரத்தத்தில்கூட இனத்தின் பெயரை எழுத வேண்டும் என்று சட்டம் இருந்தது. 1964-ன் சிவில் உரிமைச் சட்டப்படி, பாகுபாடு காட்டும் இடத்துக்கு மத்திய அரசுப் பணம் போகக் கூடாது. மெடிகேர் பணம் 1966 ஜூலை 1 முதல். அதற்குள் அதிகாரிகள் வார்டு வார்டாகப் போய்ப் பார்த்தார்கள்: யார் எந்த அறையில், கேன்டீன் ஒன்றா இரண்டா, கறுப்பு டாக்டருக்கு அனுமதி உண்டா. காசு நின்றுவிடும் என்றதும் பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் சில மாதங்களில் வழிக்கு வந்தன. இது உங்கள் வறுமை சதவீதத்தில் எங்கே இருக்கிறது?

எதிர்க்காற்று:
இரண்டு தரப்பும் ஒன்றை விட்டுவிட்டது. போர் என்றார், தளவாடம் எங்கே? வறுமை ஒழிப்புக்காகத் தொடங்கிய அலுவலகத்துக்கு முதல் வருஷம் ஒதுக்கியது 80 கோடி டாலர். 1967 வாக்கில் வியட்நாமுக்கு வருஷத்துக்கு 2,000 கோடிக்கு மேல். மார்ட்டின் லூதர் கிங் அந்த வருஷம் இதைத்தான் போட்டு உடைத்தார். உள்ளூர்த் திட்டங்களை நடத்துவதில் ஏழைகளுக்கே பங்கு என்று சட்டத்தில் எழுதினார்கள். சிகாகோ மேயர் டேலி போன்றவர்கள் குதித்ததும், 1967-ல் கடிவாளத்தை உள்ளூர் நிர்வாகங்களிடமே கொடுத்துவிட்டார்கள். தோற்ற போர் என்கிறீர்கள், நடத்தவே இல்லை என்கிறேன் நான்.

கணக்குப்பிள்ளை:
நடத்திய வரைக்கும் என்ன ஆனது? உதவித்தொகை வாங்கும் தாயின் வீட்டில் ஆண் இருந்தால் தொகை ரத்து. குடும்பத்தைக் கலைக்க இதைவிட நல்ல வழி உண்டா?

பொடிநடை:
அந்த விதியை ஜான்சன் தலையில் கட்டாதீர்கள். உதவித்தொகையே 1935-ன் சரக்கு. ஆணைத் தேடி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது அலபாமா போன்ற மாநிலங்கள். 1968-ல் உச்ச நீதிமன்றம் அலபாமா விதியை அடித்துப் போட்டது.

கணக்குப்பிள்ளை:
சரி, ஆணை விடுங்கள். அந்தத் தாய் வேலைக்குப் போனால்? ஒரு டாலர் சம்பாதித்தால் உதவித்தொகையில் ஒரு டாலர் பிடித்தம். எவள் போவாள்?

டல்லாஸ் தமிழன்:
1967 திருத்தம் அதை மாற்றியதே. மாதம் முதல் 30 டாலரும், மீதியில் மூன்றில் ஒரு பங்கும் அவள் கையில் நிற்கும். அதுவும் ஜான்சன் காலத்துச் சட்டம்தான்.

கணக்குப்பிள்ளை:
மீதியில் மூன்றில் இரண்டு போகிறதல்லவா? அது 67 சதவீத வரி. அப்போது கோடீஸ்வரனுக்கு உச்ச வரம்பு 70. பாத்திரம் தேய்ப்பவளுக்கும் எண்ணெய்க் கிணற்றுக்காரனுக்கும் மூன்றே மூன்று சதவீதம்தான் வித்தியாசம். இதற்குப் பெயர் சீர்திருத்தமா, சொல்லுங்கள்.